மருந்து ஜெயித்தாலும் பணம் தோற்கலாம்: புற்றுநோய் மருந்து நிறுவனப் பங்குகள் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



புதுக்கோட்டை மாவட்டத்தில், வல்லத்திராக்கோட்டையில் இருந்து கடற்கரையோரக் கோட்டைப்பட்டினம் வரை, சபுர் போய்ச் சம்பாதித்த பணத்தில் எழுந்து நிற்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பணம் முன்பெல்லாம் நகையாக, மனையாக, பெண்பிள்ளைகளின் கல்யாணச் செலவாக மாறும். இன்று அதில் ஒரு பகுதி கைப்பேசிச் செயலி வழியாகப் பங்குச் சந்தைக்கும் போகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ அறையில் படுத்தபடி ஒரு சகோதரர் வாங்குகிறார். ஊரில் இருக்கும் மச்சானுக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லி வாங்க வைக்கிறார்.

அப்படிச் சுற்றிவரும் செய்திகளில் ஒரு வகை மனதை உடனே பிடித்துவிடும். "ஒரு சின்ன கம்பெனி. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறது. பங்கு இப்போது மலிவு. அடுத்த மாதம் அரசு அனுமதி வந்ததும் பத்து மடங்கு ஏறும்."

புற்றுநோயால் ஒருவரையாவது இழக்காத குடும்பம் இன்று குறைவு. அத்தாவையோ, மாமியையோ அந்த நோயில் பறிகொடுத்தவருக்கு இந்தச் செய்தி லாபக் கணக்காக மட்டும் தெரிவதில்லை. ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுப்பது போலவும் தெரிகிறது. அதனால்தான் வழக்கமாக யோசித்துச் செலவு செய்பவர்களும் இதில் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள்.

இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்த மருந்து வேலை செய்யுமா என்பது ஒன்று. அந்தப் பங்கை வாங்கியவருக்கு லாபம் கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தும், இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று முடிந்த கதைகள் பல. அவற்றில் சிலவற்றை ஆண்டு, தேதி விவரங்களோடு பார்ப்போம்.

சிறிய பயோடெக் நிறுவனம் என்பது எது?

ஒரு மளிகைக் கடைக்குச் சரக்கு இருக்கும், விற்பனை இருக்கும், கல்லாவில் பணம் இருக்கும். சிறிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் இவை எதுவும் இருக்காது. இருப்பது ஒன்றிரண்டு ஆராய்ச்சி மருந்துகளும், முதலீட்டாளர்கள் கொடுத்த பணமும்தான். அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் கரையும். விஞ்ஞானிகளின் சம்பளம், மருத்துவமனைகளில் நடக்கும் சோதனை, மருந்து தயாரிப்பு என்று செலவு மட்டுமே இருக்கும், வரவு இருக்காது.

பணம் தீரும்போது நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடும், அல்லது கடன் வாங்கும். புதிய பங்கு வந்தால் பழைய பங்குதாரரின் பாகம் குறையும். நூறு பங்குள்ள ஒரு தொழிலில் உங்களிடம் பத்துப் பங்கு இருந்தால், லாபத்தில் பத்தில் ஒரு பாகம் உங்களுடையது. மேலும் நூறு பங்குகளை வெளியாருக்கு விற்றால், உங்கள் பாகம் இருபதில் ஒன்றாகிவிடும். மருந்து கடைக்கு வருவதற்குள் இது பலமுறை நடக்கலாம். வாட்ஸ்அப்பில் "பத்து மடங்கு" என்று சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்து மருந்துக்கடை வரை

ஒரு புதிய மருந்து முதலில் ஆய்வுக்கூடத்திலும், எலி போன்ற விலங்குகளிலும் சோதிக்கப்படும். அதன் பிறகு மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை நடக்கும்.

முதல் கட்டம்: சிலரிடம் மட்டும் கொடுத்து, எந்த அளவு வரை உடல் தாங்கும், பக்க விளைவு என்ன என்று பார்ப்பார்கள்.

இரண்டாம் கட்டம்: கூடுதல் நோயாளிகளிடம் கொடுத்து, பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாம் கட்டம்: நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மற்ற பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடுவார்கள்.

இதன் பிறகுதான் அனுமதிக்கான விண்ணப்பம். இந்தியாவில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பரிசீலிக்கும். அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகம் பரிசீலிக்கும்.

அமெரிக்க உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமே 2011 முதல் 2020 வரையிலான சோதனைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டது. முதல் கட்டத்துக்குள் நுழைந்த எல்லா வகை மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தால், கடைசியில் அனுமதி பெறும் வாய்ப்பு 7.9 சதவீதம். புற்றுநோய் மருந்துகளை மட்டும் எடுத்தால் 5.3 சதவீதம். அதாவது மனிதச் சோதனை தொடங்கிய நூறு புற்றுநோய் மருந்துகளில் ஏறக்குறைய 95 மருந்துகள் கரை சேரவில்லை. கரை சேரும் மருந்துகளுக்கும் சராசரியாகப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

எலிகளிடம் கட்டி கரைந்தது என்ற செய்தி, இந்த நீண்ட பாதை தொடங்குவதற்கு முந்தைய செய்தி. அதைக் கேட்டுப் பங்கு வாங்குவது, விதை நெல்லைப் பார்த்துவிட்டு அறுவடைக்குச் சாக்கு வாங்குவதற்குச் சமம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செய்தி: என்ட்ரிமெட், 1998

ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி, புற்றுநோய்க் கட்டிகள் வளரப் புதிய இரத்தக் குழாய்கள் தேவை, அவற்றைத் தடுத்தால் கட்டி வாடிவிடும் என்ற கருத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வில் வந்த எண்டோஸ்டாட்டின் போன்ற மருந்துகளின் உரிமை, மேரிலாந்து மாநிலத்தில் இருந்த என்ட்ரிமெட் என்ற சிறு நிறுவனத்திடம் இருந்தது.

எலிகளிடம் கிடைத்த நல்ல முடிவு 1997 நவம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. பத்திரிகைகளும் அப்போதே எழுதின. பங்கு அப்போது ஓரளவே ஏறியது. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, 'நியூயார்க் டைம்ஸ்' அதே விஷயத்தை முதல் பக்கத்தில் போட்டது. வெள்ளிக்கிழமை சுமார் 12 டாலரில் முடிந்திருந்த பங்கு, திங்கள் காலை 85 டாலரைத் தொட்டு, மாலையில் 52 டாலர் அளவில் நின்றது. அந்த ஒரு நாளில் எந்தப் புதிய கண்டுபிடிப்பும் நடக்கவில்லை. ஐந்து மாதப் பழைய செய்தி பெரிய எழுத்தில் வந்தது, அவ்வளவுதான். பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் பின்னர் இதைத் தனி ஆய்வாகவே எழுதினார்கள்.

திங்கள் காலை 80 டாலருக்கு மேல் வாங்கியவர் மாலைக்குள் முதலில் மூன்றில் ஒரு பாகத்துக்கும் மேல் இழந்தார். அதே ஆண்டு நவம்பரில், பிற ஆய்வுக்கூடங்களில் அந்த முடிவு திரும்ப வரவில்லை என்ற செய்தி வந்ததும் பங்கு மேலும் விழுந்தது. சில ஆண்டுகளில் நிறுவனமும் அந்த மருந்தைக் கைவிட்டது.

ஆனால் ஃபோக்மனின் கருத்து தோற்கவில்லை. இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் அவாஸ்டின் என்ற மருந்துக்கு 2004 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கியது ஜெனன்டெக் என்ற வேறு நிறுவனம். அறிவியல் ஜெயித்தது. அதை நம்பி என்ட்ரிமெட் பங்கை வாங்கியவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

உள்ளே இருப்பவருக்கு முதலில் தெரியும்: இம்க்ளோன், 2001

நியூயார்க்கில் இருந்த இம்க்ளோன் நிறுவனம், எர்பிடக்ஸ் என்ற குடல் புற்றுநோய் மருந்துக்கு விண்ணப்பித்திருந்தது. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் என்ற பெரிய நிறுவனம் 2001 செப்டம்பரில் சுமார் 200 கோடி டாலர் மதிப்பில் அதனுடன் ஒப்பந்தம் செய்தது. இத்தனை பெரிய நிறுவனமே நம்புகிறது, நமக்கென்ன பயம் என்று சிறு முதலீட்டாளர்கள் நினைத்தார்கள்.

2001 டிசம்பர் 28 அன்று, விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு ஏற்கவே முடியாது என்று எஃப்.டி.ஏ. கடிதம் அனுப்பியது. சோதனை நடத்திய விதத்திலும் ஆவணங்களிலும் குறை. ஆனால் இது வரப்போகிறது என்பது நிறுவனத் தலைவர் சாம் வாக்சலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவருடைய குடும்பத்தார் 27ஆம் தேதியே பங்குகளை விற்றார்கள். அதே நாளில், தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் தன்னிடம் இருந்த 3,928 பங்குகளை விற்று சுமார் 45,000 டாலர் நட்டத்தைத் தவிர்த்தார். சாதாரண மக்களுக்குச் செய்தி தெரிந்தபோது வாங்க ஆள் இல்லை. அடுத்த ஜூனில் பங்கு 10 டாலருக்கும் கீழே கிடந்தது.

வாக்சலுக்கு 2003இல் ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. விசாரணையில் பொய் சொன்னதற்காக மார்த்தா ஸ்டூவர்ட் ஐந்து மாதம் சிறையில் இருந்தார்.

இதிலும் மருந்து நல்ல மருந்துதான். முறையான சோதனைக்குப் பின் 2004 பிப்ரவரியில் எர்பிடக்ஸுக்கு அனுமதி கிடைத்தது. இன்றும் புற்றுநோய் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. 2008இல் எலி லில்லி நிறுவனம் இம்க்ளோனை 650 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை பொறுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். கடன் வாங்கிப் போட்டவராலும், கல்யாணத்துக்கு வைத்த பணத்தைப் போட்டவராலும் ஏழு ஆண்டுகள் பொறுத்திருக்க முடியாது.

வெற்றி பெற்றும் திவால்: டென்ட்ரியான், 2007 முதல் 2014 வரை

சிறு முதலீட்டாளர்கள் புற்றுநோய் மருந்தின் மீது பந்தயம் கட்டிய கதைகளில் அதிகம் பேசப்பட்டது இது. சியாட்டிலில் இருந்த டென்ட்ரியான் நிறுவனத்தின் புரோவெஞ்ச், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான சிகிச்சை. நோயாளியின் இரத்தத்தில் இருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பழக்கி, மீண்டும் அவருக்கே ஏற்றுவார்கள். இப்படி மூன்று முறை.

முதல் சோதனைகளில் நோய் பெருகுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்ற முதன்மை இலக்கு நிறைவேறவில்லை. ஆனால் ஒரு சோதனையில், மருந்து பெற்றவர்கள் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. 2007 மார்ச் 29 அன்று எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு கூடியது. பாதுகாப்பானது என்று 17 பேரும் சொன்னார்கள். பலன் உண்டு என்பதற்கு 13 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. ஐந்து டாலர் அளவில் இருந்த பங்கு சில நாட்களில் பல மடங்கு ஏறியது.

குழு சொல்வது ஆலோசனை மட்டுமே. மே மாதம் எஃப்.டி.ஏ. கூடுதல் சான்று கேட்டு அனுமதியைத் தள்ளிவைத்தது. ஒரே நாளில் பங்கு 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நோயாளிகளும் முதலீட்டாளர்களும் சேர்ந்து போராட்டம் நடத்தினார்கள். மருந்துக்கு எதிராகக் கருத்துச் சொன்ன மருத்துவர்களுக்கு மிரட்டல்கள் கூட வந்தன. ஒரு மருந்தைப் பற்றிய மருத்துவக் கருத்து, பணம் போட்டவர்களுக்குப் பகைமையாகத் தெரிந்தது. பணம் அறிவை எப்படி மறைக்கும் என்பதற்கு இது ஒரு படிப்பினை.

512 நோயாளிகளிடம் நடந்த அடுத்த பெரிய சோதனை 2009 ஏப்ரலில் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்கள் நடுமட்டக் கணக்கில் 4.1 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த விவரங்கள் மருத்துவ மாநாட்டில் வெளியாக இருந்த ஏப்ரல் 28 அன்று ஒரு விசித்திரம் நடந்தது. 24 டாலர் அளவில் இருந்த பங்கு, ஒன்றேகால் நிமிடத்தில் 7.50 டாலருக்கு இறங்கியது. வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மறுநாள் பங்கு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் விலை இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே உத்தரவு போட்டு வைத்தவர்களின் பங்குகள் அந்த ஒன்றேகால் நிமிடத்தில் கைமாறிவிட்டன. நல்ல செய்தி வந்த நாளிலேயே அவர்கள் நட்டப்பட்டார்கள்.

2010 ஏப்ரல் 29 அன்று அனுமதி வந்தது. பங்கு 50 டாலரைத் தாண்டியது. சிகிச்சையின் விலை 93,000 டாலர். காப்பீட்டுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். தயாரிப்புச் செலவும் அதிகம். எதிர்பார்த்த விற்பனை வராது என்று 2011 ஆகஸ்ட் மாதம் நிறுவனம் சொன்னதும், ஒரே நாளில் பங்கு மூன்றில் இரண்டு பாகம் விழுந்தது. நிறுவனத்தின் தலைமேல் 62 கோடி டாலர் வட்டிக் கடன் பத்திரங்கள் இருந்தன. அதைத் திருப்ப வழியில்லாமல் 2014 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. சொத்துகள் விற்ற பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போனது. பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

புரோவெஞ்ச் இன்னும் விற்பனையில் இருக்கிறது. சோதனையில் வென்றது, அனுமதி பெற்றது, நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. அதை நம்பிக் கடைசிவரை பங்கு வைத்திருந்தவரின் கையில் பூஜ்யம்.

நம் நாட்டில் நிலவரம்

இந்தியாவில் ஆராய்ச்சியை மட்டுமே நம்பிப் பங்குச் சந்தையில் இருக்கும் மருந்து நிறுவனங்கள் மிகக் குறைவு. அதில் முக்கியமானது ஸ்பார்க் எனப்படும் சன் ஃபார்மா அட்வான்ஸ்டு ரிசர்ச் கம்பெனி. தாய் நிறுவனமான சன் ஃபார்மாவில் இருந்து பிரிந்து 2007இல் பட்டியலுக்கு வந்தது. முறையாக நடக்கும் நிறுவனம், பெரிய குழுமத்தின் பின்பலமும் உண்டு. அப்படி இருந்தும் அதன் பாதை மேடு பள்ளம்தான். டக்லான்டிஸ் என்ற புற்றுநோய் ஊசி மருந்துக்கு, இப்போதைய நிலையில் அனுமதி தர இயலாது என்று எஃப்.டி.ஏ. 2021இல் கடிதம் கொடுத்தது. இரத்தப் புற்றுநோய்க்காகவும் ஆராயப்பட்டுவந்த வோடோபாட்டினிப் என்ற மருந்து, பார்க்கின்சன் நோய்ச் சோதனையில் பலன் தரவில்லை என்று 2024 மார்ச்சில் தெரிந்ததும் பங்கு கடுமையாகச் சரிந்தது. மருந்து ஆராய்ச்சியில் தோல்வி மோசடி அல்ல, அது அந்தத் தொழிலின் இயல்பு. அந்த இயல்பைத் தாங்கும் பணம்தானா நம் பணம் என்பதுதான் கேள்வி.

நம் பங்குச் சந்தையில் இன்னொரு விஷயமும் உண்டு. பல பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று 5, 10, 20 சதவீதம் போன்ற வரம்பு இருக்கிறது. இதை லோயர் சர்க்யூட் என்பார்கள். கெட்ட செய்தி வந்த நாளில் பங்கு அந்த வரம்பில் போய் நின்றுவிடும். விற்க ஆயிரம் பேர் காத்திருப்பார்கள், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். "இறங்கினால் உடனே விற்றுவிடுவேன்" என்ற திட்டம் அன்று பலிக்காது.

அதேசமயம் புற்றுநோய் சிகிச்சையில் நம் நாட்டின் பெரிய முன்னேற்றம் ஒன்று பங்குச் சந்தைக்கு வெளியே நடந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கானது. வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் இவ்வகைச் சிகிச்சை இங்கே அதில் ஒரு சிறு பகுதி செலவில் கிடைக்கிறது. இதைத் தயாரிக்கும் இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் பங்கைச் சந்தையில் வாங்க முடியாது. அதில் முதலீடு செய்திருக்கும் லாரஸ் லேப்ஸ் சந்தையில் உண்டு. ஆனால் லாரஸின் வருமானத்தில் பெரும்பகுதி வேறு மருந்துகளில் இருந்து வருகிறது. ஆகவே "புற்றுநோய் மருந்துப் பங்கு" என்று ஒருவர் சொன்னால், அந்த நிறுவனத்தில் புற்றுநோய் மருந்தின் பாகம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

வதந்தி எப்படி வேலை செய்கிறது?

2017 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனங்களைப் புகழ்ந்து எழுதப் பணம் வாங்கிக்கொண்டு, சுயமான கருத்து போலக் கட்டுரைகளை வெளியிட்ட விவகாரத்தில் 27 தனிநபர்கள், நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 250க்கும் மேற்பட்ட கட்டுரைகளில், இதை எழுத யாரும் எனக்குப் பணம் தரவில்லை என்ற பொய்யும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. சிக்கியவற்றில் சிறிய பயோடெக் நிறுவனங்களும் இருந்தன.

நம்மிடம் வரும் செய்திகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. சில அடையாளங்களைக் கவனிக்கலாம்.

• "சோதனை முடிவு மிக நல்லது" என்பார்கள். எந்தக் கட்டச் சோதனை, எத்தனை நோயாளிகள், முதன்மை இலக்கு நிறைவேறியதா என்று சொல்லமாட்டார்கள். முதன்மை இலக்கு தவறியபின், சோதனையில் ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் பலன் தெரிந்ததாகச் சொல்வது பழைய பழக்கம்.

• "பெரிய கம்பெனி வாங்கப் போகிறது" என்பார்கள். உண்மையாக அப்படி ஒன்று நடந்தால், அது பங்குச் சந்தைக்கு முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்புக்கு முன்பே அதை அறிந்து வாங்குவது குற்றம். அறியாமல் சொல்வது வதந்தி. இரண்டில் எதுவானாலும் நமக்கு நல்லதல்ல.

• கேள்வி கேட்பவரைக் குழுவில் இருந்து நீக்குவார்கள். விற்றவரை "நம்பிக்கை இல்லாதவர்" என்று கேலி செய்வார்கள்.

மார்க்கத்தின் பார்வையில்

பங்கு வாங்குவது கூட்டு வியாபாரத்தில் சேர்வது. ஹலாலான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை, நிபந்தனைகளோடு வாங்கலாம் என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. மருந்து தயாரிப்பு நல்ல தொழில்தான். ஆனால் பயோடெக் பங்குகளில் மூன்று இடங்களில் நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது வட்டி. பங்கு மார்க்க நெறிக்கு உட்பட்டதா என்று பார்க்க ஆவோஃபி போன்ற அமைப்புகள் அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆவோஃபி அளவுகோலில், வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டிக்குப் போட்ட வைப்புத்தொகையும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகாத வழி வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விற்பனையே இல்லாத சிறு பயோடெக் நிறுவனம், திரட்டிய பணத்தை வங்கியிலோ கடன் பத்திரத்திலோ போட்டு வைத்திருக்கும். அப்போது அதன் வருமானம் என்று கணக்கில் வருவதே பெரும்பாலும் வட்டியாக இருக்கலாம். தொழில் ஹலால், ஆனால் கணக்கு தேறாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, மைஸிர் என்னும் சூதாட்டமும் ஃகரர் என்னும் அளவுமீறிய நிச்சயமின்மையும். எல்லா வியாபாரத்திலும் நட்ட பயம் உண்டு, அது குற்றமல்ல. தொழிலை அறிந்து, கணக்கைப் படித்து, நீண்ட காலத்துக்குக் கூட்டாளியாக இருப்பவர் வியாபாரி. எந்த மருந்து என்று கூடத் தெரியாமல், அடுத்த வாரத் தீர்ப்பு நாளுக்காக வாங்கி மறுநாள் விற்க நினைப்பவர் செய்வது பந்தயத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக இதைச் செய்வதை அறிஞர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தரகு நிறுவனம் தரும் வட்டிக் கடனில் பங்கு வாங்குவது நேரடியாக வட்டியில் விழுவது.

மூன்றாவது ஜகாத். விற்பதற்காக வாங்கி வைத்த பங்குக்கு, ஜகாத் நாளின் சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் என்பது அறிஞர்களின் பொதுவான கணக்கு. வாங்கிய விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை. உங்கள் நிலைக்கு ஏற்ற விளக்கத்தை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இந்தப் பணம் முழுவதும் போனாலும் வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, ஹஜ் நிய்யத்து, மகளின் கல்யாணம் எதுவும் நிற்காதா? நின்றுவிடும் என்றால் இந்தப் பணம் இதற்கானதல்ல.

2. மனைவிக்கோ அத்தாவுக்கோ அம்மாவுக்கோ தெரியுமா? மறைத்துச் செய்யும் முதலீட்டில், நட்டம் வரும் நாளில் பணத்தோடு வீட்டின் நிம்மதியும் போகிறது.

3. நகையை அடகு வைத்த பணமா, கடன் பணமா? அப்படியானால் வேண்டாம். அனுமதி எந்த மாதம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வட்டி மட்டும் மாதாமாதம் வரும்.

4. மருந்தின் பெயர், நோய், சோதனையின் கட்டம் தெரியுமா? இந்தியாவில் நடக்கும் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் இதில் பதிவு செய்வது கட்டாயம்.

5. கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும்? இது நிறுவனம் வெளியிடும் நிதிக் கணக்கில் இருக்கும். ஓர் ஆண்டுக்குள் தீரும் என்றால் புதிய பங்கோ கடனோ வரப்போகிறது என்று பொருள்.

6. பரிந்துரைத்தவர் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரா, ஆய்வாளரா? பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். கட்டணமில்லா உதவி எண் 1800 22 7575. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள்.

நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை

இந்தச் செய்திகளால் பணத்தை விடப் பெரிய நட்டம் ஒன்றும் நடக்கலாம். "புது மருந்து அடுத்த மாதம் வருகிறதாம், கீமோவை இப்போது நிறுத்தி வைப்போம்" என்று வீட்டில் முடிவெடுப்பது உயிருக்கே ஆபத்து. பங்குச் செய்தி முதலீட்டாளருக்காக எழுதப்படுவது. நோயாளிக்கான செய்தி மருத்துவரிடம் இருக்கிறது. 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், உங்கள் நோயாளிக்குப் பொருந்தும் மருத்துவச் சோதனை ஏதும் நடக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். முறையான சோதனையில் சேர்வதற்கு நோயாளியிடம் மருந்துக்குப் பணம் கேட்கமாட்டார்கள். கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

புற்றுநோய் ஒழிய வேண்டும் என்ற ஆசையில் பணம் கொடுக்க நினைத்தால், அதற்கு நேரான வழி இருக்கிறது. சொந்த ஊரில் கீமோவுக்குப் போக வண்டி வாடகை இல்லாமல் ஒருவர் இருப்பார். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே பலன் தரும்.

லாபத்துக்காக முதலீடு செய்ய நினைத்தால், அதை லாபக் கணக்காகவே பாருங்கள். டென்ட்ரியான் பங்கை வாங்கியவர்கள் மருந்தைப் பற்றித் தவறாகக் கணிக்கவில்லை. மருந்து சரியாகிவிட்டால் பணமும் சரியாகிவிடும் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த தவறு.

உழைத்துச் சேர்த்த பொருளைப் பேணவும், அறிந்த வழியில் பெருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.